வெள்ளிக்கிழமையே நடந்து முடிந்த சனிக்கிழமை விழா

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் திறமை உதவித்தொகை வாங்கிப் படித்த நாலு பேர் இருந்தார்கள். பொன்னுலிங்கம், சாதிக், ஜோயல், இசக்கியம்மாள். மார்க்கில் இவர்களை யாரும் அசைக்க முடியாது. மற்ற விஷயங்களில்தான் கொஞ்சம் அப்படி இப்படி. நூலகத்தில் "கடைசியாகப் போகிறவர் மின்விசிறியை நிறுத்தவும்" என்று ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, யார் கடைசி என்று தீர்மானமாகும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்தவர்கள். அன்றைக்கு இரண்டு வகுப்பும் மதியச் சாப்பாடும் போயிற்று.

உதவித்தொகை தொடர வேண்டுமானால் படித்தால் மட்டும் போதாது. பருவத்துக்கு ஒரு சமூகப் பணி செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். இந்தத் தடவை மரம் நடு விழா, செயலாளர் பொன்னுலிங்கம். பாவம், அவனுக்குப் பயத்தில் தூக்கமே இல்லை. உதவித்தொகை நின்றால் ஊருக்குப் போய் மாமாவின் மாவு மில்லில் உட்கார வேண்டியதுதான். மாமா வேறு, "எப்பல வாரே?" என்று வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

பொறுப்பாசிரியை மங்கையர்க்கரசி வெள்ளிக்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விழா அன்னைக்கு நான் லீவு. ரிப்போர்ட்டை இன்னைக்கே குடுத்துரு. போன வருஷ ஃபைலைப் பாத்து தேதியை மட்டும் மாத்தி எழுது. இன்னொண்ணு, ரிப்போர்ட்ல பொய் இருந்தா அறக்கட்டளைத் தலைவர் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திருவாரு. ஜாக்கிரதை."

பொன்னுலிங்கம் தேதியை மட்டும் மாற்றினான். அறிக்கை போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் நகலை நாலு பேரும் கூடிப் படித்தார்கள். படிக்கப் படிக்க வியர்த்தது.

"சிறப்பு விருந்தினர் தவிர்க்க முடியாத காரணத்தால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் உரையாற்றினார். மாணவி ஒருவர் மயங்கி விழுந்தார். ஊர் மக்கள் கண்ணீர் மல்க நன்றி கூறினர். விருந்தினர் மனமகிழ்ந்து உதவித்தொகையை மேலும் ஓராண்டு நீட்டிப்பதாக அறிவித்தார்."

"போன வருஷம் ஐப்பசில நடந்துச்சு. இது சித்திரைலா?" என்றான் ஜோயல்.

"மாசத்தைப் பத்திப் பேசாத. எழுதுனது நடக்கணும். நடக்கலன்னா பொய். பொய்னா நான் மாவு மில்லுக்குப் போணும்" என்றான் பொன்னுலிங்கம்.

"மாணவின்னா நான் ஒருத்திதானே இருக்கேன். சும்மா விழட்டுமா, நெசமாவே விழட்டுமா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"சும்மா விழுந்தா அது பொய்யில்லையா?" என்றான் பொன்னுலிங்கம்.

நியாயம்தான் என்று அவள் அந்த நிமிஷத்திலிருந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் விழா, ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தில். சுவரோரம் நூறு மரக்கன்றுகள் பையோடு வரிசையாக நின்றன. பக்கத்தில் தண்ணீர் லாரி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பத்து மணி விழாவுக்கு ஒன்பதரைக்கே சிறப்பு விருந்தினரான அறக்கட்டளைத் தலைவர் ஆவுடையப்பன் காரில் வந்து இறங்கப் பார்த்தார். நாலு பேரும் ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டினார்கள்.

"பூட்டினா போதுமால? சாவி நம்ம கையில இருக்கு. திறந்துருக்கலாமேன்னு யாராவது கேட்டா? அது தவிர்க்கக்கூடிய காரணம்லா?" என்றான் சாதிக்.

சாவி கிணற்றுக்குள் போனது. இப்போது நிஜமாகவே ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோருக்கும் மனசு லேசானது. தலைவர் வெளியே வெயிலில் நின்று கேட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். சரியாகப் பதினோரு மணிக்கு ஜோயல் கல்லால் பூட்டை உடைத்து, "வாங்கய்யா, லேட்டாயிட்டு போல" என்று மாலை போட்டான்.

தலைவர் பொறுமைசாலி. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்றதும் சாதிக் லாரிக் குழாயைத் திறந்துவிட்டான். தலைவர் மேல் மட்டும் பெய்தால் அது மழை ஆகாது என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்ததால், ஊர் மக்கள், நாற்காலிகள், போண்டாத் தட்டு என்று பாரபட்சமில்லாமல் அடித்தான்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினார் தலைவர்.

பொன்னுலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, தயவுசெஞ்சு பொருட்படுத்தாதீங்கய்யா! பேசுங்கய்யா!"

என்ன நினைத்தாரோ, தலைவர் கண்ணை மூடிக்கொண்டு நாலு வார்த்தை பேசி முடித்தார். இசக்கியம்மாள்தான் பெரும் அவஸ்தைப்பட்டாள். மூன்று தடவை மயங்கப் போனாள். மூன்று தடவையும் மழை அவளைத் தெளிய வைத்தது. லாரி காலியான பிறகுதான் நிம்மதியாக விழ முடிந்தது.

ஜோயல் ஊர் மக்களுக்கு ஆளுக்கு இரண்டு சின்ன வெங்காயம் நசுக்கிக் கொடுத்தான்.

"எதுக்குப்பா இது?" என்றார் ஒரு பெரியவர்.

"நன்றி சொல்லத்தான் ஐயா. கண்ணுகிட்ட வச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் அழுதுகொண்டே நன்றி சொன்னார்கள். மிச்சம் ஒரே ஒரு வரி. நாலு பேரும், கண் விழித்த இசக்கியம்மாள் உட்பட, தலைவர் முன்னால் வரிசையாக நின்று அவர் வாயையே பார்த்தார்கள். பொன்னுலிங்கத்துக்கு மாவு மில் சத்தம் காதிலேயே கேட்டது.

"என்னடா பாக்குறீங்க? உங்க ஸ்காலர்ஷிப்பை..." என்று ஆரம்பித்த தலைவர், பொன்னுலிங்கம் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிப் படித்தார். நனைந்த தலையைத் துவட்டக்கூட மறந்து இரண்டு தடவை படித்தார்.

"இது போன வருஷ ரிப்போர்ட் ஆச்சே! போன வருஷம் நான் விழாவுக்கே வரல. மக வீட்டுல இருந்தேன். வராதவனை மழையில நனைய வச்சு எழுதியிருந்தானுங்க." அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷத்துல எனக்கு வந்த ரிப்போர்ட்லயே வரிக்கு வரி உண்மையானது இது ஒண்ணுதான். போங்கடா, இன்னொரு வருஷம் நீட்டிச்சாச்சு!"

பொன்னுலிங்கம் அழுதான், வெங்காயம் இல்லாமலே. மனசு குளிர்ந்துபோன தலைவர் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரோரம் நூறு கன்றுகளும் பையோடு அப்படியே நின்றன.

"அது சரி, மரம் நடு விழான்னீங்களே. ஏன் ஒண்ணுகூட நடல?"

பொன்னுலிங்கம் பெருமையாக நிமிர்ந்தான். "நல்லாப் பாருங்கய்யா, கன்னு நட்டதா ரிப்போர்ட்ல எங்கயுமே இல்ல. நட்டிருந்தா பொய்யாப் போயிருக்கும்லா?"

தலைவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால்கள் தள்ளாடின. நாலு பேரும் அலறிக்கொண்டு பாய்ந்து ஆளுக்கொரு பக்கம் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள்.

"ஐயா, மயங்கிராதீங்கய்யா! ரிப்போர்ட்ல ஒருத்தர்தான்யா மயங்கியிருக்காங்க!"