பெட்டியை விட்டுப் போன கோழிகள்

மலையடிவாரத்து மடத்தில் அஞ்சலை அம்மாள்தான் குரு. சீடர் வேலாண்டி அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நிலபுலனை மகன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பையோடு மடத்துக்கு வந்தவர். எல்லாவற்றையும் விட்டாரே தவிர, கோபம் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

அன்று காலை கூடத்துக்குள் வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“இந்தக் கோழிங்களை இனிமே நான் பாக்க மாட்டேன் அம்மா. நன்றி கெட்டதுங்க.”

“என்ன பண்ணுச்சுங்க?”

“பலகை அறுத்து, வைக்கோல் பரப்பி, முட்டை போட பத்துப் பெட்டி செஞ்சு குடுத்தேன். ஒரு வாரம் அதுலதான் போட்டுதுங்க. இப்ப வேலியோரக் கள்ளிப் புதர்ல போய்ப் போடுதுங்க. கீரி தின்னு கொழுக்குது.”

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மடத்துக்குப் பின்னால் காசநோயாளிகள் ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். ஆளுக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நேற்றுக் கிடைத்தது மூன்றே முட்டை, ஆறு பேருக்கு இல்லை. அவர்களில் செண்பகம் என்ற பெண்ணுக்கு வெறும் கஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்தார் வேலாண்டி. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவர் வயிற்றெரிச்சல்.

“பெட்டியில போட்டப்ப எப்படி எடுத்தீங்க?”

“போடப் போட எடுத்துடுவேன். பெட்டியைத் துடைச்சு வச்சிடுவேன்.”

“ஒண்ணுகூட விடாமயா?”

“எதுக்கு விடணும்? மனுசங்க இருமிக்கிட்டுக் கிடக்கிறாங்க, கோழிக்கு எதுக்கு முட்டை?”

“புதர்ல நல்லாத் தேடிட்டு வாங்க” என்று அம்மாள் அனுப்பிவைத்தார்.

மதியம்வரை துழாவி, கையெல்லாம் முள் கீறி, ஒரே ஒரு முட்டையைச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார் வேலாண்டி. உள்ளே ஒன்றுமே இல்லை. பாய் இல்லை, போர்வை இல்லை, பை இல்லை. சுவரில் இறந்துபோன மனைவியின் போட்டோ மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. தரையைக் கூட்டித் துடைத்திருந்தார்கள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடமும் கேட்கப் பிடிக்காமல் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் போகவில்லை.

சாயங்காலம் அம்மாள் அங்கே வந்தார். ஒரு கையில் போட்டோ, இன்னொரு கையில் மதியம் கிடைத்த அந்த முட்டை.

“அறை இருக்கே, இங்க என்ன பண்றீங்க?”

“அதுவா அறை? என்னுதுன்னு சொல்ல அங்க என்ன இருக்கு? இப்படி வழிச்சு எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“நீங்களா? நீங்களே இப்படிப் பண்ணலாமா? அந்தப் போட்டோவையாவது விட்டிருக்கக் கூடாதாம்மா? அது ஒண்ணு இருந்திருந்தா நான் அங்கேயே கிடந்திருப்பேனே.”

அம்மாள் போட்டோவை அவர் மடியில் வைத்தார். முட்டையைக் கையில் கொடுத்தார்.

“இதைக் கொண்டுபோய்ப் பெட்டியில வைங்க.”

“இன்னைக்கு இருக்கிறதே இதுதானே. செண்பகத்துக்கு?”

“ஒரு நாள் பொறுத்துக்கிறேன்னு அவ வாயால சொல்லிட்டா. ஒண்ணையாவது விட்டு வைங்கன்னு கோழிக்குத்தான் சொல்லத் தெரியலை, புதருக்குப் போயிடுச்சு.”