மழைமானியில் ஊற்றிய தண்ணீர்

மழைக்காக மேகத்தில் உப்புத் தூவி விமானம் மூன்று முறை பறந்தும் கீழப்பொட்டலில் ஒரு சொட்டு விழவில்லை. திட்ட அதிகாரி ஜீப்பில் வந்து, மழைமானி பார்க்கும் குருவம்மாளிடம், "இருபது மில்லிமீட்டர் பெஞ்சதுன்னு எழுதும்மா. இல்லேன்னா உன் வேலை போயிடும்" என்றார்.

எழுதினால் ஊருக்கு வரும் தண்ணீர் லாரி நின்றுவிடும்.

குருவம்மாள் அவருடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து மழைமானிக்குள் கவிழ்த்தாள். "உள்ள இருந்தாத்தானே சார் எழுத முடியும்" என்று சொல்லி, அளந்து தாளில் எழுதினாள்.

வெயிலில் அதிகாரிக்கு நா வறண்டது. "குடிக்கத் தண்ணி கொடும்மா."

"மழை பெஞ்ச ஊரு சார். கிணத்துல இறைச்சுக் குடிங்க."

ஊரே பார்க்க அவர் வாளியை இறக்கினார். சேறுகூட வரவில்லை. அந்தத் தாளை அவரே கிழித்துவிட்டுக் கிளம்பினார்.

லாரி வருவது நிற்கவில்லை. மழையும் வரவில்லை. ஐப்பசி முடிவதற்குள் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குருவம்மாள் தினமும் காலை எட்டரைக்குப் போய்ப் பூஜ்யம் எழுதினாள்.