வளர்ந்துகொண்டே போன கறுப்புக் குதிரை

வெகு காலத்துக்கு முன்னே, கடலோரத்து ஆலந்துறைச் சீமையை வீரகண்டன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் தலை போகும், சந்தோஷம் வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பான். அப்படி ஒரு ஆள்.

அந்தச் சீமையில் குதிரையின் உயரத்தை ராசாவின் கையால்தான் அளக்க வேண்டும். ஐந்து விரலையும் சேர்த்துக் குறுக்கே பிடித்து, குளம்பிலிருந்து தோள்வரை கைமேல் கை வைத்து எண்ணுவான். கப்பலில் வந்திறங்கிய கறுப்புக் குதிரை பதினாலு கை இருந்தது. வந்த அன்றைக்கே லாயத்துச் சுவரில் ராசா சந்தனக் கை பதித்தான். அதுவும் வழக்கம்தான்.

மறு மாசம் அளந்தால் பதினைந்து. மூன்றாம் மாசம் பதினாறு!

வளர்ந்து முடிந்த குதிரை எப்படி ஐயா வளரும்? அதுவோ ராசாவின் கையை மோந்து மோந்து பார்த்துவிட்டு, பின்வாங்கி நடுங்கியது.

"பிரபு, இதுக்குள்ளே ஏதோ புகுந்திருக்கு. இன்னும் வளர்ந்தா உங்க உசுரைக் கேட்கும். குதிரையையும் குதிரைக்காரனையும் இப்பவே வெட்டிடணும்" என்றார் பிரதானி செங்கோடர். ராசா லாயமே கதி என்று கிடப்பதில் அவருக்கு வயிற்றெரிச்சல்.

குதிரைக்காரர் மீரான் ராவுத்தர் கும்பிட்டார். "ஒரே ஒரு தடவை என் கோலாலே அளந்துக்கறேன், மகாராசா."

"எதுக்கு ஓய், குதிரைக்குச் சட்டை தைக்கவா?" என்றார் செங்கோடர்.

"போற இடத்திலே யாராச்சும் கேட்டா சொல்லணுமே, பிரதானியாரே."

ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அளக்கட்டும்."

கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போன மீட்டர் கோல் அது. சென்டிமீட்டர் கணக்கில் நூறு கோடு போட்டது. "வந்த அன்னைக்கு நான் அளந்தப்போ ஒரு முழுக் கோலும் மேலே நாற்பது கோடும். பதினாலு கைன்னா, கைக்குப் பத்து." கோலை நிறுத்திப் பார்த்தார். "இன்னைக்கும் அதே நூற்று நாற்பது. ஆனா பதினாறு கை. அப்போ ஒரு கை எட்டே முக்கால்தான்."



"குதிரை வளரலே, மகாராசா. உங்க கை இளைக்கிறது தினம் பார்க்கிற கண்ணுக்குத் தெரியலே. சுவத்துக்கிட்டே வாங்க."

சந்தனத் தடத்தின் மேல் ராசா கையை வைத்தான். சுற்றிலும் மஞ்சள் விளிம்பு தெரிந்தது. வேறு எவனோ ஒருவனுடைய கைக்குள் தன் கை கிடப்பது போல இருந்தது. விரல் மோதிரம் தானாக நழுவி, கல் தரையில் உருண்டு போயிற்று.

"மூணு மாசமா புதுசா என்ன சாப்பிடறீங்க?"

"செங்கோடர் தர்ற லேகியம். தினம் காலையிலே, என் கையாலேயே வழிச்சு..." ராசா தன் கையைத் தானே மோந்து பார்த்தான்.

ராவுத்தர் திரும்பினார். "நீங்களும் ஒரு உருண்டை சாப்பிடுங்களேன், பிரதானியாரே. நல்ல மருந்துதானே?"

லேகியச் சிமிழை நீட்டினார்கள். செங்கோடர் வாயைத் திறக்கவே இல்லை. குதிரைதான் கனைத்தது.

பிரதானி வேலை ராவுத்தருக்குப் போயிற்று. கால்விலங்கும் லாயத்துச் சாணியும் செங்கோடருக்கு. குதிரை மாசா மாசம் குட்டையாகிக்கொண்டே வந்து, மறுபடி பதினாலு கையில் நின்ற அன்றைக்குச் சீமை முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். செங்கோடருக்கும் ராசா தன் கையாலேயே ஒரு கவளம் கொடுத்தான். அவர் அதை மோந்து மோந்து பார்த்துவிட்டு, பின்வாங்கி நடுங்கினாராம்.