கழுநீர்த் தொட்டியில் போன கீரை

மாசிலாமணிக்குக் கீரையைக் கண்டாலே பயம். மடத்துக்கே சமைத்துப் போடுகிற சீடர், தலை நரைத்த மனுஷன், அவருக்குப் போய் இப்படி.

போன மழைக்காலத்தில் மடத்துக்கு வந்த பரதேசி ஒருவர், சாப்பிட்ட மறுநாள் வயிற்றாலே போய் இறந்துவிட்டார். "வரும்போதே அவருக்குக் காய்ச்சல்" என்று குருநாதர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே! தான் வைத்த கீரைதான் அவரைக் கொன்றது என்று மாசிலாமணி முடிவுகட்டிவிட்டார்.

அதிலிருந்து கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, மறுபடி அலசுவார். வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவிடுவார். காய்க்கும் இதே கதிதான். இலையில் விழுந்தால் எது கீரை, எது கத்தரிக்காய் என்றே தெரியாது.

ஒரு நாள் காலையில் குருநாதர் வாய் கொப்பளித்த தண்ணீரில் ரத்தம். ஈறெல்லாம் வீங்கியிருந்தது. மாசிலாமணி பார்த்துவிட்டார். ஐயோ, கீரையில் விஷம் இன்னும் போகவில்லை! அன்றைக்கு இன்னும் கூடுதலாகக் கொதிக்கவிட்டார்.

ரத்தம் நிற்கவில்லை. குருநாதருக்குப் படியேறக்கூட முடியாமல் போனது. மாசிலாமணி கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் பந்தியில் குருநாதரைக் காணோம். பதறித் தேடினால், இலையோடு மாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கழுநீர்த் தொட்டியில் சற்றுமுன் வடித்துக் கொட்டிய கீரைத் தண்ணீர் பச்சையாய்க் கிடந்தது. அதைக் கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறார்.

"சாமி! அது மாட்டுக்கு ஊத்தினது!" மாசிலாமணி பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்ப்பா. கீரை எங்கே போகுதுன்னு தேடிக்கிட்டு வந்தேன். இங்கேதான் இருக்கு."

"கீரை உங்க இலையில இருக்கு சாமி."

"இதுவா?" குருநாதர் இலையில் இருந்த கறுப்புக் கூழைக் காட்டினார். "இது உன் பயம். சத்தெல்லாம் தண்ணியோட மாட்டுக்குப் போயிடுது, அது இல்லாமத்தான் என் ஈறு வடியுது. நீ ஆசையாப் போடுறியேன்னு நானும் தின்னுக்கிட்டிருக்கேன்."

மாசிலாமணி தொட்டிப் பக்கத்தில் கட்டியிருந்த செவலைப் பசுவைப் பார்த்தார். மினுமினுவென்று கொழுத்து நின்றது. குருநாதரைப் பார்த்தார். உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது.

"நானா சாமி? உங்களையும் நானா..." சொல்ல முடியாமல் அழுதுவிட்டார்.

"அழுதது போதும். எனக்குப் பசிக்குது. போய்க் கீரை பறிச்சுட்டு வா."

பறித்து வந்தார். குருநாதர் சொன்னபடி, முழுக்கீரையாகவே மண் போக நன்றாக அலசிவிட்டு, அப்புறம் நறுக்கினார். சட்டியில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினார். ஆவி வந்து கீரை துவண்டது.

"இறக்கு" என்றார் குருநாதர்.

"அதுக்குள்ளேயா?"

"இறக்குப்பா."

கீரை பச்சை மாறாமல் இருந்தது. வடிக்கவும் அதில் தண்ணீர் இல்லை. மாசிலாமணி ஒரு வாய் தானே தின்று பார்த்தார். பிறகு பரிமாறினார். குருநாதர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குருநாதர் சோற்றோடு பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"சாமி, பயம் போகமாட்டேங்குதே!"

"இருந்துட்டுப் போகட்டும். கீரை கழுவுறப்போ கூட வச்சுக்கோ. அடுப்புக்கு மட்டும் தனியா வா."