மாஸ்டர் கொடுத்த கோட்டு

"பார்க்காத கேட்சுக்கு என்ன தீர்ப்பு சொல்றது, மாஸ்டர்?" என்று வேனில் கேட்டேன்.

மாசிலாமணி மாஸ்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்கோர் புத்தகம். எழுபத்திரண்டு வயது, ஒரு கண்ணில் புரை. எனக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இப்போது ஸ்கோர் எழுத மட்டும் எங்கள் அணியோடு வருகிறார். எனக்கும் ஆடுகிற வயது போய்விட்டது. நான் நடுவராக நிற்க வருகிறேன்.

"பிடிச்சவனைக் கேளு," என்றார்.

"அவன் பொய் சொன்னா?"

"முதல்ல கேளு."

எங்கள் லீகில் அது வழக்கம். கடைசி டிவிஷனுக்குச் சங்கம் நடுவர்களை அனுப்பாது. எந்த அணி பேட் செய்கிறதோ அந்த அணியின் ஆட்கள் இரண்டு பேரே நடுவராக நிற்க வேண்டும். சொந்த ஆளுக்குச் சாய்வது சுலபம். அதனால் பழைய ஆட்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தரையை ஒட்டிப் பிடித்த கேட்சை நடுவர் பார்க்கவில்லை என்றால் பிடித்தவனைக் கேட்க வேண்டும். பிடித்தேன் என்றால் அவுட். தரையில் பட்டது என்றால் அவுட் இல்லை. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அன்று நாங்கள் ஆடப் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில். பட்டியலில் அவர்களும் நாங்களும்தான் கடைசி இரண்டு இடம். இந்த ஆட்டத்தில் தோற்கிற அணியின் பெயரை லீகிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

அந்த ஊர் அணியை முப்பது வருடமாக நடத்துகிறவன் முனவர் பாய். அவன்மேல் எனக்கு இருபத்திரண்டு வருடப் பகை.

அப்போது அதே மைதானத்தில் நான் நாற்பத்தாறு ரன் எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு பஞ்சாலையின் ஆள் வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது அடித்தால் ஆலை அணியில் எடுத்துக்கொள்கிறேன், நிரந்தர வேலையும் உண்டு என்று சொல்லியிருந்தார். பந்து மட்டை ஓரத்தில் பட்டு ஸ்லிப்புக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன். தரையில் குத்தியது. குத்தி எழுந்த பிறகுதான் முனவர் அதை எடுத்தான். எடுத்ததும் கையை உயர்த்தினான், வாயைத் திறந்து என்னமோ சொன்னான். நான் நடுவர் பக்கம் திரும்பியபோது விரல் மேலே இருந்தது.

நடுவராக நின்றவர் மாஸ்டர். அவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வழக்கப்படி அவர் கேட்டிருப்பார். அவன் பொய் சொல்லியிருப்பான். அவர் என்ன செய்ய முடியும்?

ஆலைக்காரர் நாற்காலியை மடித்துக்கொண்டு போனார். நான் தோல் ஷாப்பில் சேர்ந்தேன். இன்றுவரை சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறேன். என் நகங்களைப் பார்த்தாலே தெரியும்.

அதற்குப் பிறகு முனவர் இரண்டு தடவை என்னிடம் பேச வந்தான். ஒரு தடவை பஸ் நிலையத்தில். ஒரு தடவை என் அப்பா சாவில், மாலையோடு. இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நாப்பத்தாறு ண்ணா," என்று பின் சீட்டிலிருந்து ரூபன் கூப்பிட்டான். எங்கள் அணியின் விக்கெட் கீப்பர். "பழைய கதைய ஆரம்பிச்சிடாத ண்ணா. வேன் வேற ஆடுது, வாந்தி வந்துடும்."

வேன் முழுக்கச் சிரித்தது. என் பெயர் கஜேந்திரன். ஆனால் இரண்டு ஊரிலும் எனக்கு அதுதான் பெயர்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது முனவர் மைதானத்தின் நடுவில் தனியாக மண்டியிட்டு, ஆடுகளத்தில் விரிக்கிற கயிற்று மேட்டை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தைந்து வயது. ஆள் போதாமல் இன்னும் ஆடுகிறான்.

"வா, கஜா," என்றான் நிமிர்ந்து பார்த்து.

நான் ஸ்டம்புகளை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனேன்.

அவர்கள் முதலில் ஆடி நூற்றிருபத்தெட்டு எடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் முறை. மாஸ்டர் ஒரு துணிப் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். சங்கம் அவரை மேல் டிவிஷன் நடுவராகச் சேர்த்தபோது கொடுத்த கோட்டு அது. இருபது வருடம் அதைப் போட்டுக்கொண்டு மாவட்டம் முழுக்க நின்றிருக்கிறார். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

"தோள் பெரிசா இருக்கு, மாஸ்டர்."

"போட்டுக்கோ. போகப் போகச் சரியாயிடும்."

நான் மைதானத்துக்குள் இறங்கியதும் வேலி ஓரத்தில் ஒருவன் கத்தினான்.

"டேய், நாப்பத்தாறு அம்பயரா வந்துடுச்சுடா! இன்னிக்கு ஒருத்தனும் அவுட் ஆவ மாட்டான்!"

"விடுடா, பாவம். இன்னும் அந்த நாலு ரன்னத் தேடிக்கினு இருக்குது."

நான் காதில் வாங்காத மாதிரி நின்றேன். அன்று மூன்று எல்.பி. அவுட் கொடுத்தேன். மூன்றும் எங்கள் ஆட்களுக்கு எதிராக. வேலி ஓரம் அடங்கிவிட்டது. ஆட்டம் நியாயமாகத்தான் போனது. கடைசி ஓவர் வரைக்கும்.

ஒன்பது விக்கெட் விழுந்திருந்தது. மூன்று பந்து பாக்கி. ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். மட்டையோடு நின்றவன் ரூபன். பந்து போட்டவன் அவர்கள் கேப்டன் இலியாஸ், கனத்த உடம்புக்காரன். ஸ்லிப்பில் முனவர்.

இலியாஸ் போட்ட பந்து ரூபனின் மட்டை ஓரத்தில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் இலியாஸ் ஓடி வந்த வேகத்தில் என் முன்னால் குறுக்கே வந்துவிட்டான். வியர்வையில் நனைந்த அவன் முதுகை மட்டும்தான் பார்த்தேன். அவன் விலகியபோது முனவர் சல்லித் தரையில் குப்புறக் கிடந்தான். பந்து அவன் கையில் இருந்தது.

பத்துப் பேரும் கத்தினார்கள். முனவர் கத்தவில்லை. எழுந்து மண்டியிட்டு என்னைப் பார்த்தான். நான் கேட்பதற்காகக் காத்திருந்தான்.

"பாயைக் கேளு ண்ணா," என்றான் இலியாஸ்.

"தேவையில்ல. நான் பார்த்தேன். தரையில பட்டுச்சு."

"எப்படி ண்ணா பார்த்த? நான்தான் உன் முன்னாடி நிக்கிறேனே. பாயைக் கேளு."

"பார்த்தேன்னா பார்த்தேன். நாட் அவுட். போய்ப் பந்து போடு."

"அல்லா பார்த்துக்கினு இருக்கான் ண்ணா. ஒரு வார்த்தை கேளு."

"அவன் வார்த்தைய நான் ஒரு தடவை கேட்டாச்சு."

முனவர் எழுந்தான். இடது கையால் பந்தை இலியாஸிடம் எறிந்தான். அவன் வலது கைக்காரன் ஆயிற்றே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் வயிறு குளிர்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் குளிர்ந்தது.

அடுத்த பந்தும் அதே ஓரத்தில் பட்டு அதே இடத்துக்குப் போனது. முனவர் கையை நீட்டினான். விரல்கள் மடங்கவில்லை. பந்து அவனைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு உருண்டது.

ரூபன் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"நாப்பத்தாறு ண்ணா, நீ எங்க குலசாமி ண்ணா!"

எல்லாரும் கலைந்த பிறகு ஸ்டம்பைப் பிடுங்கப் போனேன். முனவர் மேட்டின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால். வலது கையை மடியில் வைத்திருந்தான். நான்கு விரல்களிலும் மேல்புறத் தோல் உரிந்திருந்தது. சதைக்குள் சல்லி. ஆடியவனுக்கு அந்தக் காயம் தெரியும். விரல் பந்துக்கு அடியில் போனால்தான் அங்கே தேயும். பந்து தரையில் பட்டிருக்கவில்லை.

அவன் என் பார்வையைக் கவனித்தான். கையை மூடிக்கொள்ளவில்லை, காட்டவும் இல்லை.

"கஜா, இந்த மேட்டு நல்ல மேட்டு. போன வருஷம்தான் வாங்கினோம்," என்றான். "உங்க கிளப்புக்கு எடுத்துட்டுப் போறீங்களா? எங்களுக்கு இனிமே எதுக்கு?"

நான் ஸ்டம்புகளோடு நடந்தேன்.

மாஸ்டர் புளியமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்கோர் புத்தகம் திறந்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் இன்னொரு நடுவர் போட்டுவிட்டார். என் இடம் காலியாக இருந்தது.

பேனாவை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். எழுதவில்லை.

"அவன் கைய பார்த்தேன், மாஸ்டர்."

"ம்."

"பிடிச்சிருக்கான்."

"ம்."

"இருக்கட்டும். அன்னைக்கு எனக்கு அவன் செஞ்சதுக்கு இது சரியாப் போச்சு."

"அன்னைக்கு அவன் என்ன செஞ்சான்?"

"என்ன மாஸ்டர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? நீங்க அவனைக் கேட்டீங்க. அவன் பொய் சொன்னான்."

"நான் கேக்கல," என்றார் மாஸ்டர்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அன்னைக்குக் காலையிலேர்ந்து வேலி ஓரத்துல கத்திக்கிட்டே இருந்தானுங்க. சொந்த ஆளுக்குச் சாயுற அம்பயர், திருட்டு அம்பயர்னு. அந்தப் பந்து போன இடத்த நான் பார்க்கல. நீ என் ஆளு. விரலைத் தூக்கிட்டேன். கத்தல் நின்னுடுச்சு."

"அவன் கைய தூக்குனானே?"

"இல்லன்னு ஆட்டுனான். நீ போன பிறகு என்கிட்ட ஓடி வந்தான். 'தரையில குத்துச்சு மாஸ்டர், அவரைக் கூப்பிடுங்க'ன்னான். 'தூக்குன விரலை எறக்கமாட்டேன், போப்பா'ன்னு சொன்னேன்."

மைதானத்தில் ஆணி ஒன்று கல்லில் விழுந்த சத்தம் கேட்டது.

"நேர்மையான அம்பயர்னு பேர் வந்துச்சு," என்றார் மாஸ்டர். "சொந்தச் சிஷ்யனையே அவுட் கொடுத்தவர்னு சொன்னாங்க. அடுத்த மாசம் இந்தக் கோட்டு வந்துச்சு."

பஸ் நிலையத்தில் முனவர் என்னிடம் வந்தது ஞாபகம் வந்தது. அப்பா சாவில் மாலையோடு நின்றதும். "கஜா, ஒரு விஷயம்" என்றுதான் இரண்டு தடவையும் ஆரம்பித்தார். அந்த விஷயம் என்ன என்று நான் கேட்டதில்லை.

"இருபத்திரண்டு வருஷம்," என்றேன். "தினம் உங்க முன்னாடிதானே அவரைத் திட்டினேன். ஏன் மாஸ்டர் சொல்லல?"

மாஸ்டர் கையை நீட்டிக் காட்டினார். முனவர் பாய் மேட்டைச் சுருட்டி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தார். தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு சல்லியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதோ இருக்கான். நாப்பதடி தூரம். பார்க்கலன்னு போய்ச் சொல்லு. இலியாஸையும் கூப்பிட்டுச் சொல்லு. நீ கையெழுத்துப் போடுற வரைக்கும் இது முடிவு இல்ல. நான் திருத்தி எழுதுறேன்."

வேன் ஹாரன் அடித்தது. ரூபன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் கத்தினான்.

"வா ண்ணா! இனிமே உன்ன யாரும் நாப்பத்தாறுன்னு கூப்பிட மாட்டோம்! கஜேந்திரன் சார்தான்!"

உள்ளே கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள்.

நான் குழாயடியைப் பார்த்தேன். வேனைப் பார்த்தேன். மாஸ்டர் எங்கேயும் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹாரன் மறுபடி அடித்தது.

குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

அவர் மை காய்வதற்காக ஊதினார். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். நான் கோட்டைக் கழற்றி மடித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வச்சுக்கோ, கஜா," என்றார். "மத்தியானம் தோள் பெரிசா இருக்குன்ன. இப்போ சரியா இருக்கு."