பொட்டு வைத்த குரூப் போட்டோ

வேலாங்குளம் மடத்துச் சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய ஒரே சீடர் சண்முகவேலாயுதத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞானத்தைக்கூட அதட்டித்தான் கேட்பார்.

"சாமி, நம்ம ஊர் வரலாறு அழிஞ்சுக்கிட்டே போகுது. எப்படித்தான் காப்பாத்த?"

"வீடு வீடாப் போயி பழைய போட்டோ கேளும் ஓய். குடுக்கிறவங்ககிட்ட உக்காந்து பேச்சும் கேளும்."

சீடர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் வெயிலில் அலைந்தார். தர மாட்டேன் என்றவர்களிடம், பாவம், பழைய அதிகாரத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்த படமெல்லாம் மடத்துக் கூடத்துக்கு வந்தது. கண்ணாடி போட்டு வரிசையாக மாட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்குப் பக்தி ஜாஸ்தி. பழைய படத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள்தானே என்று அவராகவே முடிவு செய்து, எல்லாப் படத்துக்கும் மாலை போட்டார். தீக்குச்சி முனையில் சந்தனம் தொட்டு நெற்றி நெற்றியாகப் பொட்டும் வைத்தார். குரூப் போட்டோவில்கூட ஒரு தலையை விடவில்லை.

மறுநாள் கூடத்தைத் திறந்ததும் முதல் ஆளாக வந்தார் ரைஸ்மில் ஆவுடையப்பன். குளத்தங்கரைப் படத்தில், முன்வரிசையில் மண்கூடையோடு நிற்கிற அரைக்கால் சட்டைப் பையன் அவர்தான். அந்த நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது.

"அடப் பாவி! உசுரோட இருக்கவன எமன்கிட்ட ஒப்படைச்சிட்டீரே வே!"

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஆட்களைத் தேடினார்கள்.

"கழட்டுங்கடே எல்லாத்தையும்! அவங்கவங்க படத்த அவங்கவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க!" என்றார் ஆவுடையப்பன்.

சீடர் சாமியிடம் ஓடினார். "ஒரு வருஷப் பாடு போச்சு சாமி!" கண்ணில் தண்ணீர் நின்றது.

சாமி வந்தார். யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தோள் துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, உங்க பொட்டை நீங்களே அழிச்சிருங்க."

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். பக்கத்து முகம் கண்ணில் பட்டது.

"ஏ, இது நம்ம மாடக்கண்ணுல்லா! கடையநல்லூர்ல மக வீட்டுல இருக்கான். நேத்துக்கூட போன்ல என்னை ஏசினான். அவனையும் கொன்னுட்டாரே இந்தத் தாசில்தார்!"

கூட்டம் சிரித்துவிட்டது. அவன் பொட்டும் போயிற்று. அடுத்த முகத்தில் துண்டு நின்றது.

"இவருக்கு இருக்கட்டும்." குரல் இறங்கிவிட்டது. "எங்க அத்தான். கரை உடைஞ்ச அன்னைக்கு முதல்ல தண்ணிக்குள்ள குதிச்சது இவருதான். நான் மண்ணு சுமந்து சுமந்து குடுத்தேன்." அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

படத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏறியிருந்த பெண் திரும்பினாள். "நம்ம குளத்துக் கரையா? அது எப்ப மாமா உடைஞ்சுது?"

ஆவுடையப்பன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் ஸ்டூலை விட்டு இறங்கித் துண்டைக் கேட்டாள்.

"இங்க தாங்க. எங்க பெரியம்மைக்கும் பொட்டு வச்சிருக்காரு. அவ இப்பத்தான் மருமககிட்ட சண்டை போட்டுட்டு உக்காந்திருக்கா."

அன்றைக்கு ஒரு படமும் வீட்டுக்குப் போகவில்லை. துண்டு மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. பேச்சு ஓய்ந்து எல்லோரும் கிளம்பியபோது பாதிப் படங்கள் பொட்டோடு அப்படியே இருந்தன.

சீடர் வெட்கத்தோடு துண்டை எடுத்தார்.

"மிச்சத்தை நான் துடைச்சிருதேன் சாமி."

"நீர் துடைச்சா கண்ணாடிதான் ஓய் சுத்தமாகும். நாளைக்கும் வருவாங்க. வாசல்ல ஒரு வாளித் தண்ணி வச்சிட்டுச் சும்மா இரும்."