ஆட்காட்டி பிடுங்கி நட்ட புள்ளிகள்

ஆபீஸ் சுற்றறிக்கையில் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதியிருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு புள்ளி நிற்கும். முற்றுப்புள்ளி மட்டும் கடைசி வரியின் முடிவில் ஒன்றே ஒன்று. ஏன் அப்படி, யாருக்காவது தெரியுமா?

ஆட்காட்டிக் குருவிக்கு வந்த கோபம்தான் காரணம். நியாயமான கோபம்.

பறவையும் விலங்கும் பேசி, எழுதி, ஆபீஸும் நடத்திக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஓர் ஏரிக்குக் கொக்குதான் எழுத்தர். என்ன வேலையானாலும் தாமரை இலையில் எழுதிக் கருவேல மரத்தில் மாட்டிவிடும். வரிக்கு வரி முடிவில் முற்றுப்புள்ளி வைப்பதில் அதற்கு அப்படி ஓர் ஆசை. ஏரியில் ஒரு வழக்கமும் இருந்தது. முற்றுப்புள்ளியைக் கண்டால் உத்தரவு முடிந்தது, வேலைக்குக் கிளம்பவேண்டியதுதான்.

ஐப்பசியில் விடாத மழை. கொக்கு எழுதி மாட்டியது:

கரைக்கு மண் போடவும்.
மதகை அடைத்த கோரையைப் பிடுங்கவும்.
கரையோர முட்டைகளை மேட்டுக்கு மாற்றவும்.

எருமை வந்தது. முதல் வரியைப் படித்தது, புள்ளியைக் கண்டது, கிளம்பிவிட்டது. நண்டும் ஆமையும் அப்படியே. மூன்றும் சேர்ந்து மண்ணாகப் போட்டுக் கரையை உயர்த்தின. மதகைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. போக வழியில்லாத தண்ணீர் ஏறி ஏறி, கூழாங்கற்களுக்கு நடுவே ஆட்காட்டி இட்டிருந்த நாலு முட்டையில் ஒன்றை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"எருமையண்ணே! என் பிள்ளைங்க தண்ணியில கிடக்குது, நீங்க இங்க மண்ணா அள்ளிக்கிட்டு இருக்கீங்க?"

"அப்படித்தான தாயி எழுதியிருந்துச்சு."

"அதுக்குக் கீழ?"

"கீழயா? புள்ளி இருந்துச்சே, வந்துட்டோம்."

ஆட்காட்டி கொக்கிடம் பறந்தது. தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்காமல் கொக்கு சொன்னது: "மூணாவது வரியில தெளிவா எழுதியிருக்கேன். படிக்காதது அவங்க தப்பு."

"படிக்க விடாம வாசல்லயே புள்ளிய உக்காரவெச்சது யாரு?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. புள்ளி எவ்வளவு அழகா வந்திருக்கு, பாரு."

"என் முட்டைகூட அழகாத்தான் இருந்துச்சு!"

பெற்ற வயிறு எரியாதா? ஒரே பாய்ச்சலில் இலைமேல் விழுந்து, மூன்று புள்ளிகளையும் கொத்திப் பிடுங்கி, வரிக்கு ஒன்றாகத் தலைமாட்டில் நட்டது.

"இங்க நில்லுங்க. இங்க ஒரு வேலை இருக்குன்னு கூப்பிட்டுக் காட்டுங்க. ஒருத்தரையும் பாதியில திருப்பி அனுப்பாதீங்க!"

ஆட்காட்டி கத்திக் கூப்பிட, எருமை மரத்தடிக்குத் திரும்பி வந்து மறுபடி படித்தது. நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லாததால் கடைசிவரை படித்தது. "அடக் கொடுமையே, மதகு!" என்று நண்டோடு ஓடிக் கோரையை இழுத்துப் போட்டது. ஆமை மூன்று முட்டைகளையும் முதுகில் ஏற்றி மேட்டில் சேர்த்தது. தண்ணீர் வடிந்தது.

கொக்கு தயங்கித் தயங்கிக் கேட்டது: "கடைசியில மொட்டையா நிக்குதே?"

ஆட்காட்டி தண்ணீர் போன பக்கம் திரும்பிப் பார்த்தது. "வை. தண்ணியோட போனதே, அதுக்கு ஒண்ணு வை. கடைசியில மட்டும்."

அன்றிலிருந்துதான் வரிகளின் தலையில் புள்ளிகள் காவல் நிற்கின்றன, முற்றுப்புள்ளி கடைசியில் மட்டும் வருகிறது. ஆட்காட்டிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஏரிப் பக்கம் யார் போனாலும் தலைக்குமேல் வட்டமடித்துக் கத்துகிறதே, அது கேட்பது இதைத்தான்:

"கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுப் போங்கய்யா, என் பிள்ளைங்க அங்கதான் இருக்கு!"